அழைப்பிதழில் ஒரு திருத்தம்

அன்புள்ள பாப்பா,

இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போனில் பேசுகிற மகளுக்குக் கடிதம் எழுத என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் போனில் உன்னிடம் நான் என்ன பேசுகிறேன்? சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, மண்டபத்துக்காரர் என்ன சொன்னார், அவ்வளவுதான். அதைத் தாண்டி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எனக்குக் குரல் எழும்பாது, உனக்கே தெரியும். எழுதினால்தான் எனக்கு வரும். கல்யாண வேலைகளுக்கு நடுவில் உன்னை இவ்வளவு படிக்க வைப்பதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

முந்தாநாள் அழைப்பிதழ் மாதிரியை அனுப்பிவிட்டு, "அம்மா, எழுத்துப்பிழை எதனா இருக்குதான்னு பாத்துச் சொல்லு, நாளைக்குப் பிரிண்டுக்குப் போவுது" என்றாய். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குதும்மா" என்றேன். அது பொய். எழுத்துப்பிழை இல்லைதான். ஆனால் ஒரு திருத்தம் இருக்கிறது. அச்சகத்துக்கு நானே போன் செய்து இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என்ன திருத்தம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால், "இதுக்குப் போயா" என்று நீ சிரித்துவிடுவாய். என் பதவியைத் தரம் உயர்த்துகிற அந்தக் கோப்போடு சேர்ந்த விஷயம் அது. அந்தக் கோப்பின் கடைசிப் பக்கம் மட்டும்தான் உனக்குத் தெரியும். முந்தைய பக்கங்களில் நீயும் இருக்கிறாய்.

என் வேலை என்ன என்று நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நகராட்சியில் பணி ஆய்வாளர் என்றால் பொறியாளருக்கும் வேலை செய்கிற ஆட்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஊருக்குள் எந்தக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே போய் விழுகிறது, எந்தச் சிறுபாலம் முதல் மழைக்கே அடைத்துக்கொள்ளும், எந்தத் தெருவில் ரோடு போட்ட ஆறாவது மாதம் பள்ளம் விழும், இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முந்தின நாள் கிரிவலப் பாதையில் நடந்து பார்ப்பேன். சாமி கும்பிடுகிறவர்கள் மலையைப் பார்த்து நடப்பார்கள். நான் தரையைப் பார்த்து நடப்பேன். செருப்பில்லாமல் நடக்கப்போகிற அத்தனை பேருடைய கால்களுக்கு அடியில் கம்பி, கண்ணாடி, ஆடுகிற கல் எதுவும் இருக்கக் கூடாது. யாருக்கும் எதுவும் ஆகாமல் அடுத்த நாள் விடிந்தால் நான் வேலை செய்திருக்கிறேன் என்று அர்த்தம். எதுவும் ஆகாததை யாருக்கும் காட்ட முடியாது, அதுதான் இந்த வேலையில் இருக்கிற சங்கடம்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். உன்னைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது, முதல் பட்டதாரிச் சலுகை உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "நீ படிச்சதாலதாம்மா எனக்கு ஃபீஸ் ஜாஸ்தி" என்று பஸ்ஸில் வரும்போது சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டில் முதலில் படித்தவளாக இருந்தது என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொல்லவில்லை. பதினாறு வயதிலிருந்தே தெருவில் எல்லோருக்கும் மனு எழுதுகிறவள் நான்தான். பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், போர்வெல் போட அனுமதி, எதுவானாலும் என்னிடம் வருவார்கள். மனு எழுதுவதில் ஒரு முறை உண்டு. எழுதுகிறவர் தன்னை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவரின் கருணையால்தான் எல்லாம் நடக்கிறது என்று எழுத வேண்டும். நான் எழுதிய மனுக்கள் பெரும்பாலும் பலித்தன. "இந்தப் பொண்ணு எழுதுனா காரியம் ஆவுது" என்று பெயர் வந்தது. இயல்பிலேயே கூச்சம் உள்ளவளுக்கு அந்த நடை அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்திவிட்டது. பொறியியல் படித்து வேலைக்கு வந்த பிறகும் அந்த நடை போகவில்லை. வேலை அறிக்கைகளையும் மனு மாதிரியே எழுதினேன்.

இனி அந்தக் கார்த்திகை தீபத்து நாளுக்கு வருகிறேன். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. உங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளைத் தண்ணீர் கொடுக்கக் கிரிவலப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காலையில் உனக்கு நான்தான் இரட்டைச் சடை பின்னிவிட்டேன். "நீ எங்கம்மா இருப்ப?" என்று கேட்டாய். "ஆபீஸ்ல" என்றேன்.

மதியம் இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. செங்கம் சாலைப் பக்கம் ஒரு சிறுபாலத்தில் பேப்பர் கப்பும் பாக்குமட்டைத் தட்டும் போய் அடைத்துக்கொண்டன. மலைப்பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டில் ஏறியது. கணுக்கால், பிறகு முழங்கால். அதற்குப் பத்தடி தள்ளி அலங்கார விளக்குகளுக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி ஒரு கம்பத்தில் கட்டியிருந்தது. தண்ணீர் அதைத் தொட ஒரு முழம்தான் பாக்கி. ஜனங்கள் வெறுங்காலோடு வந்துகொண்டே இருந்தார்கள். பொறியாளருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போன் பேசியதில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. மின்வாரியத்துக்கும் அதே கதை. ஓர் ஆளை நடந்தே மின்வாரியத்துக்கு அனுப்பினேன், அந்தக் கூட்டத்தில் அவர் போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். ரோட்டுக்கு நடுவில் கால்வாய் மேல் போட்டிருந்த சிமெண்ட் ஸ்லாப்பை உடைத்தால் தண்ணீர் உடனே இறங்கும். அதற்குக் கூட்டத்தை நிறுத்த வேண்டும். தீபத்தன்று கிரிவலத்தை நிறுத்துவது, புதிதாகப் போட்ட ஸ்லாப்பை உடைப்பது, இரண்டுமே என் அதிகாரத்துக்கு மீறியவை.

ஏழுமலை உனக்குத் தெரியும், எங்கள் கால்வாய் மேஸ்திரி. நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர். கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், போன மாசம்தான் போட்ட ஸ்லாப்பு. ஒடைச்சா கேப்பாங்க."

"ஒடைங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்லுவேன், மேடம். அதுல உங்களுக்குச் சந்தேகமே வேணாம்."

தடுப்பைக் குறுக்கே இழுத்துப் போட்டேன். அங்கே நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார். "என்னாங்க மேடம், யாரு ஆர்டர் இது? லட்சக்கணக்குல ஜனம் வருது, நீங்க பாட்டுக்கு நிறுத்துறீங்க?" நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றேன். "என் ஆர்டர்தாங்க. தண்ணியில கரண்டு எறங்குனா என்னா ஆவும்னு பாருங்க. இருபது நிமிஷம் புடிச்சு நிறுத்துங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவர் கம்பத்தையும் தண்ணீரையும் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைவிடச் சத்தமாக அவரே கூட்டத்தை நிறுத்த ஆரம்பித்தார்.

ஸ்லாப் உடைந்து தண்ணீர் இறங்கும்போதுதான் உங்கள் பள்ளிக் கூட்டம் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நான் குனிந்து அடைப்பைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். தலையிலும் முகத்திலும் சேறு. உன் சிநேகிதி கேட்டது என் காதில் விழுந்தது. "ஏய், அது உங்க அம்மா மாதிரி இல்ல?"

நீ சொன்னாய். "இல்லடி. எங்க அம்மா ஆபீஸ்ல இருக்காங்க. இது வேற யாரோ."

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நீ சொன்னது பொய் என்று ஆகிவிடும். தடுப்பை எடுத்து உங்கள் வரிசை போன பிறகுதான் முதுகை நிமிர்த்தினேன்.

பாப்பா, இதை உன்மேல் குறையாக எழுதவில்லை. பதினோரு வருடமாக இதைப் பற்றி உன்னிடம் பேசாதது, உனக்கு அது ஒரு முள்ளாகிவிடக் கூடாது என்பதால்தான். இப்போது எழுதுவதற்குக் காரணம், அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பது எனக்கு மெல்ல மெல்லப் புரிந்ததுதான். அன்று காலையில் "ஆபீஸ்ல" என்று சொன்னது யார்? உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் டீச்சர் கேட்பார், "என்னா வேலை பாக்குறீங்க?" என்று. மற்ற அம்மாக்கள் பக்கத்தில் இருப்பார்கள். "ஆபீஸ்லதாங்க" என்று முடித்துவிடுவேன். கால்வாய் என்ற சொல் என் வாயில் வராது. வீட்டுக்கு வருவதற்கு முன் அலுவலகத்திலேயே கால் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வருவேன். நான் அத்தனை பாடுபட்டு மறைத்ததைத்தான் நீயும் மறைத்தாய். உனக்கு வயது பதினான்கு, எனக்கு முப்பத்தெட்டு.

அன்று ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். நீ வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, "கால் வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டாய். வேறு எந்த நாளும் நீ அப்படிக் கேட்டதில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் போதும்.

ஆனால் நான் அடுத்து இரண்டு தப்புகள் செய்தேன். மறுநாள் அந்தச் சம்பவத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். உட்கார்ந்தேன். "பொறியாளர் அவர்களின் மேலான அறிவுறுத்தலின்படி, கூட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டு, ஸ்லாப் அகற்றப்பட்டு, நீர் வெளியேற உதவி செய்யப்பட்டது" என்று எழுதினேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பொறியாளர் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். குடியரசு தினத்தில் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன். மனதாரத்தான் தட்டினேன், அதுதான் வேடிக்கை. இரண்டாவது தப்பு, முழங்கால் வலி என்று சொல்லி விசேஷ நாட்களில் வெளிவேலையைக் குறைத்து மேசைவேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். முழங்காலில் எந்த வலியும் இல்லை. உன் பள்ளிக்கூடம் வருகிற இடத்தில் நான் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நீ பள்ளி முடிக்கும் வரையில் அப்படியே இருந்தேன்.

இப்போது கோப்புக்கு வருகிறேன். ஊர் பெருத்துவிட்டது. வேங்கிக்கால் வரைக்கும் வீடுகள் வந்துவிட்டன, ஆசிரமப் பக்கம் முழுக்க வாடகை அறைகள், எல்லாவற்றுக்கும் கால்வாய் வேண்டும். பழைய பதவிகளை வைத்துக்கொண்டு இதை நடத்த முடியாது என்று, ஒவ்வொரு பதவியும் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். முடிவெடுக்கிற பொறுப்பு இருக்கிற பதவியை மேலாளர் நிலைக்கு உயர்த்தலாம் என்று உத்தரவு. என் பதவிக்கு நான் எழுத வேண்டும். மூன்று நாள் எழுதினேன். உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்டக்டர் டிக்கெட் கட்டைப் புரட்டுகிற மாதிரி எச்சில் தொட்டுப் புரட்டினார். இத்தனை வருடம் பஸ்ஸில் இருந்த கை அல்லவா.

"என்னாம்மா இது? கால்வாய் பராமரிப்பில் உதவுதல். திருவிழாப் பணிகளில் உதவுதல். ஆட்களை மேற்பார்வையிட உதவுதல். பட்டியல் பூரா உதவி உதவின்னு கீது. பதவி கேக்குறியா, உதவித்தொகை கேக்குறியா?"

"அப்படித்தாங்க எழுதணும்."

"யாரு சொன்னா?"

சிரித்துவிட்டு, அப்படியே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்தில் கோப்பு திரும்பி வந்தது. "இப்பதவியில் இருப்பவர் மேலதிகாரியின் அறிவுறுத்தலின்படி உதவிப் பணிகளை மட்டுமே செய்கிறார். தரம் உயர்த்த முகாந்திரம் இல்லை." அதற்கு ஆதாரமாகப் பின்னால் ஒரு நகல் இணைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்து. அந்தத் தீபத்து நாள் அறிக்கை. எனக்கு எதிராக வேறு யாரும் சாட்சி சொல்லவில்லை, பாப்பா. நான் எழுதியதை எடுத்து எனக்கே காட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது, "கோப்பு என்னாம்மா ஆச்சு?" என்று கேட்டாய். "மேல போயிருக்குதும்மா" என்றேன். அதுவும் பொய்தான். இந்தக் கடிதத்தில் எத்தனை பொய்கள் வெளியே வருகின்றன பார்.

மேல்முறையீடு மாதிரி ஒரு வாய்ப்பு இருந்தது. ஆய்வு அலுவலர் ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார். வந்தார். உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். பொறியாளர் அறையில் உட்கார்ந்து அந்த நகலை மேசைமேல் வைத்தார். பொறியாளர் பக்கத்தில். நான் எதிரில். ஏழுமலை கால்வாய் வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தவர், போகாமல் கதவோரமே நின்றுகொண்டார்.

"இந்த அறிவுறுத்தல் உங்களுக்கு எப்படி வந்துச்சுங்க? போன்லயா, எழுத்துலயா?" என்று அலுவலர் கேட்டார்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. நீ டிகிரி முடித்தபோது ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தவர். உண்மையைச் சொன்னால் அவரை எதிரிலேயே உட்காரவைத்து அவர் சான்றிதழைப் பிடுங்குகிற மாதிரி. சொல்லாவிட்டால் கோப்பு அன்றோடு மூடிவிடும். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிற பெண்ணும் உதவிக்கொண்டே இருப்பாள்.

"வரலைங்க சார்" என்றேன்.

"வரலையா? அப்ப யாரு முடிவு பண்ணது?"

"நான்தாங்க."

அவர் நகலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அப்புறம் ஏங்க இப்படி எழுதுனீங்க?"

"நாங்க அப்படித்தாங்க சார் எழுதுவோம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டார். "சரி, ஸ்லாப்பை ஒடைச்சது தப்பா போயிருந்தா யாரு பதில் சொல்லியிருப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "அவங்கதான் சார். மாட்டுனா அவங்க பேரைச் சொல்றதுன்னு அன்னைக்கே பேசிக்கிட்டோம். நான் ரெடியா இருந்தேன்."

பொறியாளர் அதுவரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இப்போது அதை மேசைமேல் வைத்தார். "எழுதிக்கோங்க சார். அன்னைக்கு ரெண்டு மணியிலருந்து எனக்குப் போன் லைனே கெடைக்கலை. அந்த எடத்துக்கு நான் போய்ச் சேரும்போது தண்ணி வடிஞ்சி, ஜனம் நடந்துக்கிட்டு இருந்தாங்க." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்தச் சர்டிபிகேட் இன்னும் எங்க வீட்டு ஹால்லதான் மாட்டியிருக்குது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது எடுத்துட்டு, திரும்ப மாட்டும்போது என்னமோ மாதிரி இருக்கும்" என்றார்.

அறையை விட்டு வெளியே வந்ததும் ஏழுமலை கேட்டார். "மேடம், நான் பேசுனது சரிதான?"

"மாட்டிவிடறதுக்கு இத்தனை வருஷம் காத்துட்டு இருந்தீங்களா?" என்றேன்.

"பின்ன? வாக்குன்னா வாக்கு" என்றார்.

பிறகு உனக்குத் தெரிந்ததுதான். உத்தரவு வந்தது. பணி ஆய்வாளர் பதவி, பராமரிப்புப் பணிகள் மேலாளர் பதவியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அப்பா அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். நீ ஆபீஸில் இருந்தே கத்தினாய். "அம்மா, நீ மேனேஜர்மா!" உன் பக்கத்தில் யாரோ கைதட்டினது எனக்குக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் உனக்கு ஒன்றைச் சொல்லவில்லை. உயர்ந்தது பதவிதான். ஆள் இல்லை. நாற்காலியை உயரமாக்கிவிட்டார்கள், அதில் யார் உட்காருவது என்று இனிமேல்தான் பார்ப்பார்கள். நானும் விண்ணப்பித்திருக்கிறேன், வெளியிலிருந்தும் சிலர் விண்ணப்பித்திருக்கிறார்கள். நேர்காணல் உன் கல்யாணம் முடிந்த பிறகு. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் நான் அழப்போவதில்லை, ஆனால் கிடைக்க வேண்டும் என்று மனம் நிறைய ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறேன் என்று எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது.

நேர்காணலுக்கு அந்த உதவிப் பட்டியலைத் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் உதவுதல் என்பதை அடித்துவிட்டு, நான் செய்ததை மட்டும் எழுதினேன். முதல் வரிக்கு முக்கால் மணி நேரமானது. எழுதும்போது இன்னொன்றும் கவனித்தேன். சில வரிகளில் நான் உண்மையிலேயே உதவி மட்டும்தான் செய்திருந்தேன். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்பது ஏழுமலைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டேன், அவர் பெயரைப் போட்டு. உயர வேண்டும் என்பதற்காக அடுத்தவர் வேலையை என் பெயருக்கு இழுத்துக்கொண்டால், அன்று நான் எழுதிய அறிக்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் தப்பான அறிக்கைதான்.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். போன தீபாவளிக்கு வந்தபோது நடு ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் மேலதிகாரிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். காபி வைக்க வந்தவள் தற்செயலாகப் படித்துவிட்டேன். முழுக்க இங்கிலீஷ். ஆனால் அதற்குள் என் நடை இருந்தது. நீ ஒருத்தியாக ஒரு வாரம் தூங்காமல் செய்த வேலையை, குழுவுக்கு உதவினேன் என்று எழுதியிருந்தாய். உன் மூக்கும் தலைமுடியும் அப்பாவுடையவை, இது மட்டும் என்னுடையது. அதை என்னோடு விட்டுவிடு. செய்தால் செய்தேன் என்று எழுது. தப்பாகப் போனாலும் செய்தேன் என்றே எழுது. போகிற வீட்டிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மற்றவர்களைக் காரணமாகச் சொல்லிச் சொல்லி நல்ல பெயர் வாங்கலாம். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்கே தெரியாமல் போய்விடும். மாப்பிள்ளை நல்ல பையன், நீ பேசினால் கேட்டுக்கொள்கிற பையன். கேட்கிறவர் இருக்கும்போதே பேசிப் பழகிக்கொள்.

சரி, திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் உன் மாமனார் பெயருக்குக் கீழே அவருடைய பெரிய பதவி இருக்கிறது. அதற்கு ஈடாக இருக்க வேண்டும் என்றோ, உனக்குப் பெருமையாக இருந்ததாலோ, என் பெயருக்குக் கீழே "மேலாளர், பராமரிப்புப் பணிகள்" என்று போட்டிருக்கிறாய். அந்த வரியைத்தான் பத்து நிமிடம் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அச்சில் என் பெயருக்குக் கீழே ஒரு பதவி வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் அந்தப் பதவி இன்னும் என்னுடையது இல்லை. ஒருவேளை நாளைக்கு என்னுடையது ஆனாலும், உன் கல்யாணத்தில் என் பெயருக்குக் கீழே நிற்க வேண்டியது அது இல்லை.

அதை எடுத்துவிட்டு, "பணி ஆய்வாளர்" என்று போடு. எழுத்தைச் சின்னதாக்காதே. அப்பா பெயருக்குக் கீழே "நடத்துநர்" என்று எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில் இருக்கட்டும். மண்டபத்தில் யாராவது உன்னிடம் வந்து, கால்வாய் ஓரம் சேற்றில் நிற்பார்களே, அந்த அம்மாவா உங்க அம்மா என்று கேட்டால், ஆமாம் என்று சொல். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். இந்த முறை நிமிர்ந்து பார்ப்பேன்.

அம்மா